பகலில் ஏறுங்கள், இரவில் எண்ணுங்கள்: கலங்கரை விளக்கம் பார்க்கப் போகும் புதியவர்களுக்கு

கலங்கரை விளக்கம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் வந்து போகிறார்கள். மூச்சு வாங்கப் படியேறுகிறார்கள், மேலே நின்று கடலைப் பார்க்கிறார்கள், நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மேலேயிருந்து கடல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடலைப் பார்க்க ஒரு குன்று போதுமே. கடலில் இருக்கிறவன் பார்ப்பதற்காகக் கட்டிய கோபுரம் அது.

முதன்முறை போனபோது நானும் அப்படித்தான் இறங்கி வந்தேன். தலைக்கு மேலே ஆளைவிடப் பெரிய கண்ணாடி லென்ஸ் ஒன்று நின்றிருந்ததை, வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இரவில் அது எப்படி எரிகிறது என்று பார்க்கத் தங்கவும் இல்லை. அந்த இரண்டு இழப்பும் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சொல்லிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. பழந்தமிழில் கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்று இன்றும் சொல்கிறோம். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள் கொள்வார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் துறைமுகத்தில், வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண் போல ஒரு மாடம் நிற்கிறது. ஏணி சார்த்தியிருந்தும் அதன் உச்சிக்கு ஏறுவது அரிது. அங்கே இரவில் மூட்டிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. அழைப்பது இரவில் என்றால், பகலில் மட்டும் போய் வருகிறவர் பாதியைத்தான் பார்த்தவர் ஆகிறார். ஆகவே முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை.

புறப்படும் முன்

எல்லாக் கலங்கரை விளக்கமும் ஏறிப் பார்க்கக் கூடியது அல்ல. சில இன்றும் கப்பல்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கடல்வழித் துறையோ கடலோரக் காவல் படையோ பராமரிக்கும், பார்வையாளர்களுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கதவு திறக்கும். சில ஓய்வு பெற்று அருங்காட்சியகமாகிவிட்டன. சில நடுக்கடல் பாறையில் நிற்கின்றன. கரையிலிருந்தோ படகிலிருந்தோ மட்டுமே பார்க்கலாம். நீங்கள் போகப்போவது இவற்றில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு அது கரையில் இருக்கிறதா, கடல் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். கடல் நடுவே என்றால் உங்கள் நேரத்தை நிர்ணயிப்பது கடிகாரம் அல்ல, ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் போக்கு. பிரான்சில் ழிரோந்து கழிமுகத்தில் நிற்கும் கோர்துவான் விளக்கம் 1611-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றும் அங்கே போக வேண்டுமானால் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் படகு கிளம்பும். மணல்திட்டு வழியாகவோ தாழ்ந்த கல்பாதை வழியாகவோ நடந்துபோக வேண்டிய விளக்கங்களும் உண்டு. அங்கெல்லாம் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் முக்கியம். வற்றம் எப்போது முடிகிறது, ஏற்றம் எப்போது தொடங்குகிறது என்பதை அன்றைய ஓத அட்டவணையில் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு நல்ல இடைவெளி விட்டுக் கரை சேர்ந்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே கூடாது.

கட்டிய ஆண்டையும் படிகளின் எண்ணிக்கையையும் எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள். நீங்கள் இன்னும் மூன்று விவரங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, விளக்கின் உயரம். கோபுரத்தின் உயரம் வேறு, கடல்மட்டத்திலிருந்து விளக்கு எரியும் இடத்தின் உயரம் வேறு. மாலுமிக்கு வேண்டியது இரண்டாவது. குன்றின்மேல் நிற்கும் குட்டையான கோபுரம், மணற்கரையில் நிற்கும் நெடிய கோபுரத்தைவிட உயரத்தில் ஒளி வீசலாம். இரண்டு, உள்ளே இருப்பது பழைய கண்ணாடி லென்ஸா, நவீன விளக்கா. மூன்று, அதன் ஒளிக்குறி. எத்தனை முறை, எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்ற விவரம். இந்த மூன்றாவதை இப்போதைக்கு எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலமான காற்றோ இடியோ இருந்தால் பல இடங்களில் மேலே விடமாட்டார்கள். மூடும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே கடைசி ஏற்றத்தை நிறுத்திவிடுவதும் வழக்கம். அறிவிப்புப் பலகையில் மாலை ஐந்து என்று எழுதியிருந்தால் நாலரைக்குப் போய் நிற்காதீர்கள். என் கணக்கில் சிறந்த நேரம், வெயில் சாயத் தொடங்கும் பிற்பகல். ஏறி இறங்கி, சுற்றிப் பார்த்து, கொஞ்சம் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் பொழுது சாய்ந்துவிடும். இரவுக்காகத் தனியாக இன்னொரு பயணம் வேண்டியதில்லை.

எடுத்துப்போக வேண்டியவை குறைவு. பிடிமானமுள்ள, பின்னால் பட்டையுள்ள காலணி அவசியம். இரும்புச் சல்லடைப் படிகளில் குதிகால் உயர்ந்த செருப்பு சிக்கிக்கொள்ளும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் பெரிய பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். கீழே வியர்த்தாலும் மேலே காற்று அறையும், ஒரு மேற்சட்டை இருக்கட்டும். தொப்பி வேண்டாம், பறந்துவிடும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. விநாடி முள் உள்ள கடிகாரமும் சிறு குறிப்பேடும் கட்டாயம். இருட்டில் திரும்பி நடக்க ஒரு கைவிளக்கு.

கதவைத் தொடும் முன் ஒரு சுற்று

வந்தவுடன் வரிசையில் போய் நிற்காமல் கோபுரத்தை வெளியே ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். ஏறி இறங்கிய பிறகு இதைச் செய்யக் கால் ஒத்துழைக்காது.

அடிப்பாகத்தில் தொடங்குங்கள். பல பழைய கோபுரங்கள் அடியில் அகன்று, வளைந்து மேலே ஒடுங்கும். இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறையில் 1759-இல் ஒளியேற்றிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் தம் கோபுரத்துக்கு ஓக் மரத்தின் அடிமரத்தை மாதிரியாகக் கொண்டார். கற்களைப் புறாவின் விரிந்த வால் வடிவில் வெட்டி ஒன்றோடொன்று பூட்டினார். அதே பாறையில் வின்ஸ்டான்லி கட்டிய முதல் கோபுரம் 1703-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அவரோடு சேர்ந்தே கடலில் போயிருந்தது. அடுத்து எழுந்த மரக் கோபுரம் 1755-இல் எரிந்துபோனது. ஸ்மீட்டனுடைய கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அடியிலிருந்த பாறைதான் அரித்துப்போனது. அதனால் மேற்பகுதியைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டுவந்து பிளிமத் நகரின் கரையில் மறுபடி நிறுத்தினார்கள். இன்று அங்கே ஏறலாம். அடிக்கட்டை மட்டும் இன்னும் அந்தப் பாறையில், 1882-இல் எழுந்த புதிய விளக்கத்தின் பக்கத்திலேயே நிற்கிறது.

நீங்கள் நிற்கிற கோபுரத்திலும் இப்படிக் கேளுங்கள்: கல்லா, செங்கல்லா, வார்ப்பிரும்பா? கற்களின் இடுக்கு நேராக ஓடுகிறதா, பூட்டாக வளைகிறதா? கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது? அலையும் புயலும் மோதும் பக்கத்தில் கதவு வைக்கப் பெரும்பாலும் துணியமாட்டார்கள். சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் சரிந்து சரிந்து ஏறினால், உள்ளே படிக்கட்டு எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதைக் கீழேயே படித்துவிடலாம்.

வண்ணப்பூச்சும் அலங்காரத்துக்காக அல்ல. பகலில் விளக்கு உதவாது. அப்போது கோபுரத்தின் நிறமும் பட்டையும்தான் அடையாளம். அமெரிக்காவின் ஹட்டராஸ் முனையில் இருப்பது கறுப்பும் வெள்ளையுமாகச் சுழன்று ஏறும் பட்டை. கடலிலிருந்து பார்ப்பவர் அதை வேறொன்றாக எண்ணிக் குழம்ப முடியாது. 1870-இல் எழுந்த அந்தச் செங்கற் கோபுரத்தைக் கடல் நெருங்கி வந்தது. 1999-இல் அதைப் பிரிக்காமல் முழுதாகவே தண்டவாளங்களின் மேல் நகர்த்தி, சுமார் 880 மீட்டர் உள்ளே கொண்டுபோனார்கள். பின்னால் பச்சை மரங்களும் குன்றும் இருந்தால் கோபுரம் வெள்ளையாக இருக்கும், பின்னால் வெறும் வானம் என்றால் அடர்நிறப் பட்டைகள் வரும். உங்கள் கோபுரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கடல் பக்கமிருந்து பாருங்கள்.

சுற்றிலும் உள்ள சிறு கட்டடங்களையும் விட்டுவிடாதீர்கள். விளக்கைப் பராமரித்த காவலர்களின் குடும்பங்கள் வாழ்ந்த வீடு, தீப்பற்றுமென்று தள்ளிக் கட்டிய எண்ணெய்க் கிடங்கு, மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகொம்பு இருந்த அறை. ஊதுகொம்பு இன்னும் வேலை செய்கிற இடங்களில் அது முன்னறிவிப்பின்றித் தானாகவே ஒலிக்கும், காதைப் பிளக்கும். அதன் வாய்க்கு எதிரே குழந்தையோடு நிற்க வேண்டாம்.

ஏறுவது

இருதய நோய், கடும் மூச்சிரைப்பு, முழங்கால் வலி, உயரத்தைக் கண்டால் தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே நின்றுவிடுவது நல்லது. இதில் தயக்கமே வேண்டாம். கீழே பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது, இரவுக் காட்சி முழுக்கவே தரையிலிருந்து பார்ப்பதுதான். குழந்தைகளுக்கு உயர வரம்பு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. தூக்கிக்கொண்டு ஏறுவதையும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. உள்ள விதியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுங்கள்.

சுழற்படி ஆப்பு வடிவத்தில் இருக்கும். நடுத்தூண் பக்கம் குறுகல், சுவர்ப் பக்கம் அகலம். பாதம் முழுதாகப் பதியும் அகலப் பக்கத்தில் காலை வையுங்கள், ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். தொடக்கத்தில் வேகமாக ஏறுகிறவர்கள்தான் பாதி வழியில் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். இடையில் சன்னலோடு கூடிய தளம் வரும்போது, களைப்பு இல்லாவிட்டாலும் நின்று வெளியே பாருங்கள். ஒவ்வொரு சன்னலும் வேறு திசையைக் காட்டும். மேலே ஏறியபின் எது எந்தப் பக்கம் என்று குழம்பாமல் இருக்க அது உதவும். எதிரே ஆள் இறங்கினால் தளத்திலேயே காத்திருங்கள், நடுப்படியில் உரசி விலக வேண்டாம். தலை சுற்றினால் நடுப்பள்ளத்தை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி ஏறுங்கள்.

அந்த நடுப்பள்ளம் எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. லென்ஸைச் சுழற்றப் பழைய நாளில் மின்சாரம் இல்லை. சுவர்க்கடிகாரத்தில் இருப்பது போலக் கனமான எடை ஒன்று சங்கிலியில் தொங்கிக் கோபுரத்தின் நடுவே மெல்ல இறங்கும். அந்த இறக்கம்தான் மேலே லென்ஸைச் சுழற்றும். எடை அடியைத் தொடுவதற்குள் காவலர் மறுபடி சாவி சுற்றி மேலேற்ற வேண்டும். இரவு முழுக்கச் சில மணிக்கொருமுறை இதுதான் வேலை. நீங்கள் ஒருமுறை ஏறிய படிகளை அவர்கள் எண்ணெய்க் கலத்தோடு நாள் தவறாமல் ஏறியிருக்கிறார்கள். கைப்பிடி எங்கே வழவழத்திருக்கிறது, கற்படி எங்கே குழிந்திருக்கிறது என்று கவனியுங்கள். அதைத் தேய்த்த கால்கள் அவர்களுடையவை.

கடைசிப் பகுதி பெரும்பாலும் படிக்கட்டாக இருக்காது, செங்குத்தான ஏணியாக இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்திருக்க வேண்டும், முதுகைக் காட்டி இறங்கக்கூடாது. செல்பேசி சட்டைப்பையில் இருக்கட்டும். இங்கே கையிலிருந்து நழுவுகிற எதுவும் கீழே வருகிறவர் தலையில்தான் விழும்.

விளக்கறை

இங்கே நேரம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடம் கடலுக்கு என்றால் பதினைந்து நிமிடம் இந்த அறைக்கு.

பழைய லென்ஸ் இருந்தால், பெரிய தேன்கூடு போல அடுக்கடுக்கான கண்ணாடிப் பட்டைகள் பித்தளைச் சட்டத்தில் நிற்பதைக் காண்பீர்கள். பிரெஞ்சுப் பொறியாளர் அகஸ்டின் ஃபிரெனெல் வகுத்த முறை இது. 1823-இல் முதன்முதலாகக் கோர்துவானில் ஏற்றப்பட்டது. அதற்குமுன் விளக்கின் பின்னால் குழிந்த ஆடிகளை வைத்தார்கள். ஒளியில் பெரும்பகுதி வீணானது. ஒற்றைப் பெரிய லென்ஸ் வார்த்தால் சமாளிக்க முடியாத கனம். லென்ஸின் வேலையைச் செய்வது அதன் வளைந்த மேற்பரப்புத்தான், நடுவிலுள்ள கண்ணாடிக் கனம் தேவையில்லை என்று ஃபிரெனெல் கண்டார். அந்த மேற்பரப்பைப் பட்டைபட்டையாக நறுக்கித் தட்டையாக அடுக்கினார். நடுப்பட்டைகள் ஒளியை வளைக்கின்றன. மேலும் கீழும் உள்ள முப்பட்டகங்கள் வளைப்பதோடு உள்ளுக்குள்ளேயே பிரதிபலிக்கவும் செய்கின்றன. வானத்துக்கும் தரைக்கும் சிதறிப் போயிருக்கும் ஒளி, தொடுவானத்தை நோக்கி ஒரே தட்டையாகத் திரும்புகிறது.

லென்ஸ்களைத் தரவரிசைப்படி எண்ணுவார்கள். முதல் தரம்தான் பெரியது. அதில் விளக்கிலிருந்து கண்ணாடிக்கு உள்ள தூரம் 92 சென்டிமீட்டர். ஆறாம் தரம் துறைமுக வாயிலுக்கானது, 15 சென்டிமீட்டர்தான். முன்னால் இருப்பது எந்தத் தரம் என்று கேளுங்கள். பிறகு அதைச் சுற்றி நடந்து, எருதின் கண் போல வட்டவட்டமான வளையங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு கதிர். லென்ஸ் சுழலும்போது ஒவ்வொரு கதிரும் கடலில் இருப்பவன் கண்ணில் ஒரு வீச்சாகப் படும். வட்டங்கள் சம இடைவெளியில் இருந்தால் வீச்சுகளும் சமமாக வரும். இரண்டோ மூன்றோ சேர்ந்து நின்றால் வீச்சும் கூட்டமாக வரும். வட்டமே இல்லாமல் பீப்பாய் போல வழவழவென்று சுற்றியிருந்தால், அது எல்லாத் திசைக்கும் நிலையாக ஒளி தரும் லென்ஸ். எண்ணியதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

நடுவே எட்டிப் பார்த்தால் விளக்கு எதிர்பாராத அளவுக்குச் சிறியதாக இருக்கும். எனக்கு இன்றுவரை வியப்பு தருகிற காட்சி இதுதான். கைக்குள் அடங்குகிற ஒரு பல்பு, பல கடல் மைல் தூரத்துக்குத் தெரிகிறது. முழு வேலையும் கண்ணாடியுடையது.

கண்ணாடியைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் படிந்தால் ஒளி மங்கும், பளிங்கின் விளிம்பு சிறிது உடைந்தாலும் அதே போன்ற ஒன்றை வார்த்துத் தருவோர் எளிதில் கிடைக்கமாட்டார்கள். சட்டைப் பொத்தானும் முரட்டுத் துணியும் கீறிவிடக்கூடாது என்று லென்ஸ் துடைக்கும்போது காவலர்கள் லினன் மேலாடை அணியவேண்டும் என அமெரிக்காவில் விதியே இருந்தது. நம் பை, கைக்கடிகாரம், தோளில் தொங்கும் கேமரா எல்லாம் அதே ஆபத்துத்தான்.

பகலில் விளக்கறையில் திரை போட்டிருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே ஒளியைக் குவிக்கும் லென்ஸ், வெளியிலிருந்து வரும் வெயிலை உள்ளே குவிக்கும். விளக்கைக் கருக்கும், தீயும் மூட்டும். சில இடங்களில் பகலிலும் லென்ஸைச் சுழலவிட்டு வைப்பார்கள், வெயில் ஓரிடத்தில் நிலைக்காமலிருக்க.

சுழலும் பெரிய லென்ஸ்கள் பல டன் கனம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிடும் முறை வந்தது. மிதக்கும்போது விரலால் தள்ளினாலே நகரும். ஆனால் பாதரச ஆவி நஞ்சு. ஆகவே பல இடங்களில் தொட்டியை அகற்றிவிட்டார்கள். அகற்றாத இடத்தில் அடிப்பீடத்தின் அருகே கை வைக்கவோ குழந்தைகளைக் குனியவிடவோ வேண்டாம்.

மேலே கூரையையும் பாருங்கள். உச்சியில் உருண்டை போல இருப்பது எண்ணெய் விளக்கின் புகையும் சூடும் வெளியேறும் வாய். அறையின் கண்ணாடிச் சட்டங்கள் நேராக இல்லாமல் சாய்சதுரமாக ஓடினால், எந்த ஒரு திசையிலும் செங்குத்துக் கம்பி ஒளியை மறைத்துவிடக்கூடாது என்ற எண்ணம்தான் காரணம்.

வழிகாட்டியோ காப்பாளரோ இருந்தால், ‘எவ்வளவு உயரம்’ என்பதை விட்டுவிட்டு ‘கடைசிக் காவலர் எப்போது போனார்’ என்று கேளுங்கள். பதில் எப்போதும் நீளமாக வரும். ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் தலேன் வெயில் பட்டால் அணைந்து இருட்டினால் எரியும் வால்வை உருவாக்கினார். ஆளில்லா விளக்குகள் பெருக அது வழிவிட்டது. 1912-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வெடிவிபத்தில் அவர் கண்பார்வையை இழந்ததும் அதே ஆண்டில்தான்.

வெளி மாடம்

விளக்கறையைச் சுற்றியுள்ள மாடத்துக்குப் போகும் கதவை, உடனிருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத் திறவுங்கள்; காற்று அதைப் பிடுங்கும். முதலில் காற்று மறைவான பக்கம் நில்லுங்கள், கண்ணும் காலும் பழகட்டும். கம்பிமேல் சாயாதீர்கள், உப்புக்காற்றில் இரும்பு உள்ளுக்குள் துருவேறுவது வெளியே தெரியாது.

இங்கே பார்க்கவேண்டியது ஒரே கேள்விக்கான பதில்: ஏன் இந்த இடத்தில்? தண்ணீரின் நிறம் எங்கே வெளிறுகிறது, காற்றில்லாத இடத்தில் அலை எங்கே நுரைக்கிறது, கப்பல்கள் எந்த இடத்தில் திரும்புகின்றன என்று தொலைநோக்கியில் தேடுங்கள். பாறை, மணல்திட்டு, கழிமுகம், முனை, இவற்றில் ஒன்று கட்டாயம் அகப்படும்.

எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைக் கணக்கிட ஓர் எளிய வழி: நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வரும். 49 மீட்டர் உயரத்தில் நின்றால் வர்க்கமூலம் 7, தூரம் சுமார் 25 கிலோமீட்டர். கப்பலில் 16 மீட்டர் உயரத்தில் நிற்கிறவனுக்கு அவனுடைய 14 கிலோமீட்டரும் சேரும். ஆக 39 கிலோமீட்டருக்கு அப்பாலேயே அவன் தொடுவானத்தில் இந்த விளக்கு தலைகாட்டிவிடும்.

உயரமே எல்லாம் என்றும் நினைத்துவிடக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் கேப் பாயிண்டில் 1860-இல் ஒளியேற்றிய விளக்கம் கடலுக்கு 238 மீட்டர் மேலே நின்றது. பல இரவுகளில் மேகமும் மூடுபனியும் அதை விழுங்கிவிட்டன. 1911-இல் லூசித்தானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் அந்த முனையருகே பாறையில் மோதியது. அதன்பின் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் கட்டினார்கள். அங்கே போகிறவர்கள் மேலேயுள்ள பழையதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், கீழே தெரியும் புதியதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இருட்டிய பிறகு

இறங்கியபின் கோபுரத்தின் காலடியிலேயே இருந்துவிடாதீர்கள். ஒளி தொடுவானத்தை நோக்கிப் போவதால் அடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் ஓடும் கதிர்கள்தான் தெரியும், வீச்சு தெரியாது. கரையோரமாகச் சிறிது தூரம் தள்ளி, பாதுகாப்பான திறந்த இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே தேடி வையுங்கள். செங்குத்துப் பாறையின் விளிம்பு வேண்டாம், கடல் அடியில் அரித்திருக்கும். அலை நனைத்த கறுப்புப் பாறைகளும் வேண்டாம்.

விளக்கு எரியத் தொடங்கியதும் உடனே எண்ண வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு வீச்சுகளைப் பாருங்கள்: ஒன்றா, இரண்டா, கூட்டமா? நீண்ட இருட்டுக்குப் பிறகு வரும் முதல் வீச்சில் கடிகாரத்தைப் பாருங்கள். அதே முதல் வீச்சு மறுபடி வரும்வரை எண்ணுங்கள். அந்த விநாடிக் கணக்குத்தான் சுற்றுக்காலம். ஒருமுறை தவறலாம், ஆகவே மூன்றுமுறை எடுங்கள்.

இருட்டு நீண்டு ஒளி குறுகியிருந்தால் அது பளிச்சிடும் விளக்கு. ஒளி நீண்டு இடையில் சற்றே மறைந்தால் மறையும் விளக்கு. இரண்டும் சம அளவு என்றால் சமகால விளக்கு. சிவப்புத் தெரிந்தால், அந்தத் திசையில் பாறையோ ஆழமின்மையோ இருக்கிறது என்று மாலுமிக்குச் சொல்லும் எச்சரிக்கைப் பகுதியில் நீங்கள் நிற்கக்கூடும். சில அடி நகர்ந்தாலே அது வெள்ளையாக மாறும் இடங்கள் உண்டு.

அருகருகே உள்ள விளக்கங்கள் ஒரே குறியில் ஒளிர்வதில்லை. எடிஸ்டோன் பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டு வீச்சு. ஸ்பெயினில் ரோமானியர் காலத்திலிருந்து நின்று இன்றும் எரிகிற ஹெர்குலிஸ் கோபுரம் இருபது விநாடிக்கு ஒருமுறை நான்கு வீச்சு. அமெரிக்காவில் பாஸ்டனுக்குத் தெற்கே கடற்பாறையில் நிற்கும் மைனட்ஸ் லெட்ஜ் விளக்கம் ஒன்று, நான்கு, மூன்று என்று வீசுகிறது. ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்பதன் ஆங்கிலச் சொற்களில் உள்ள எழுத்துக் கணக்கு அது என்று கரையிலுள்ளவர்கள் பிரியமாகச் சொல்வார்கள். அங்கே முதலில் நின்ற இரும்புக்கால் கோபுரம் 1851-இல் புயலில் சரிந்து இரண்டு உதவிக் காவலர்கள் இறந்தார்கள். இப்போதுள்ள கற்கோபுரம் 1860-இல் எழுந்தது. பார்வையாளர்கள் அதில் ஏற முடியாது. ஆனால் எண்ணுவதற்குக் கரை போதும்.

இப்போது குறிப்பேட்டைத் திறந்து, புறப்படும் முன் எழுதிய ஒளிக்குறியையும் விளக்கறையில் எண்ணிய வட்டங்களையும் உங்கள் விநாடிக் கணக்கையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பாருங்கள். பழைய லென்ஸே இன்னும் சுழலுகிற இடமானால் மூன்றும் பொருந்தும். பொருந்தாவிட்டால் லென்ஸைக் காட்சிக்கு வைத்துவிட்டு நவீன விளக்கை ஏற்றியிருக்கலாம், அல்லது நடுவில் குறியை மாற்றியிருக்கலாம். அடுத்தமுறை காப்பாளரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

கைவிளக்கை ஏற்றுவதற்கு முன் இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். காற்றில் ஈரம் இருந்தால் கதிர்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கடலின்மேல் சுழன்று போவது தெரியும். ஒன்று உங்களைக் கடந்து, நீரைத் தடவி, பாறைகளின் வெண்ணுரையை ஒரு கணம் காட்டிவிட்டுப் போகும். கிளம்பும்போது கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடித்து, கடற்பக்கம் காட்டாமல், வந்த வழியிலேயே திரும்புங்கள்.